பாடம் தெரியாத பெற்றோரின் யோக்கியதை

லண்டன் மாநகரத்தில் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், குரொய்டன் என நம்மவர் செறிந்து வாழும் பகுதிகளில், பிள்ளை 16 வயதில் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையை முடித்துக்கொண்டு, சிக்ஸ்த் ஃபோம் என்று வழங்கும் இரண்டாண்டு உயர்தரப் படிப்பில் காலெடுத்து வைத்ததும், தாய் தந்தையரின் வாயிலிருந்து தவறாமல் பிறக்கின்ற வசனம் ஒன்று உண்டு. "எங்களுக்கு இந்த நாட்டுப் படிப்பு விளங்காது, ரியூஷனுக்குக் காசைக் கட்டி விட்டிருக்கிறம், மிச்சத்தை அவையள் பார்ப்பினம்" என்பது அது. கல்யாண மண்டபத்திலும் கோயில் வீதியிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலிலும் இதைக் கேட்கலாம். சொல்பவர் பணிவோடு சொல்கிறார். கேட்பவர் தாமும் அவ்வாறே செய்திருப்பதால் தலையசைத்து ஆமோதிக்கிறார். இருவரும் கடமை தீர்ந்தது என்ற நிம்மதியோடு வேறு பேச்சுக்குப் போகிறார்கள். பாடம் அறியாத பெற்றோரால் பிள்ளையின் உயர்தரப் படிப்புக்கு உதவ இயலாது, ஆகவே அந்த உதவியை விலை கொடுத்து வாங்குவதொன்றே அவர்கள் செய்யக்கூடியது என்ற இந்த அபிப்பிராயம் முழுவதும் பிழையானது என்பதும், பிழையானது மாத்திரமன்றிப் பிள்ளைக்குக் கேடு விளைப்பது என்பதுமே இங்கே நான் நிலைநாட்ட விரும்பும் கட்சி.

இதை நம்புகிறவர்கள் சிரத்தையற்றவர்கள் அல்லர். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையை முடித்து, பகலில் சிறிது கண்ணயர்ந்து, பின்னேரம் மறுபடியும் கடைக்குப் போகின்ற தகப்பனும், முதியோர் இல்லத்தில் பிறருடைய தாய் தகப்பனைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டி, அந்தக் கூலியில் மகனுடைய இரசாயனவியல் வகுப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுகின்ற தாயும், வேறெந்தச் சமூகத்துப் பெற்றோருக்கும் அர்ப்பணிப்பில் குறைந்தவர்கள் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. அவர்களுடைய தியாகம் மெய்யானது என்பதனாலேயே, அது செல்லும் திசை பிழைபட்டிருப்பதைக் கண்டு வாளாவிருக்க முடியவில்லை.

இந்த எண்ணத்துக்கு ஊரிலே வேர் உண்டு. இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை என்பது பல்கலைக்கழகத்துக்குப் போக இருந்த ஒற்றை வாசல். 1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும், அதைத் தொடர்ந்து மாவட்ட ஒதுக்கீடும் வந்தபின், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இன்னும் ஒடுங்கியது. மிகச் சில புள்ளிகளால் மருத்துவ பீடமோ பொறியியல் பீடமோ கைநழுவிப் போன ஒருவருடைய கதை நம்முள் அநேக குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது. பள்ளிக்கூட நேரத்துக்கு அப்பால் ரியூட்டறிக் கொட்டில்களில் தோளோடு தோள் நெருங்கியிருந்து, பெயர்பெற்ற ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதி, அதைப் பாடமாக்கி, இடுக்கிலே நுழைந்தவர்கள் நுழைந்தார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பின் பெருந்தொகையாக இங்கிலாந்து வந்து சேர்ந்த தலைமுறை இந்த அனுபவத்தையும் சுமந்துகொண்டே வந்தது. அந்த நாட்டில், அந்தக் காலத்தில், அந்த நெருக்கடிக்கு அது தக்க உபாயமாகவே இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அங்கே தக்கதாயிருந்ததை இந்த மண்ணில் ஆராயாமல் நட்டதிலேதான் பிசகு தொடங்குகிறது.

இங்கே உள்ள அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிக்ஸ்த் ஃபோமின் 12ஆம் 13ஆம் ஆண்டுகளில் மாணவர் பெரும்பாலும் 3 பாடங்களையே ஏ லெவல் என்ற உயர்தரப் பரீட்சைக்கு எடுக்கிறார்கள். மேலதிக கணிதம் எடுப்பவர் சிலர் 4 எடுப்பதுண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டாண்டுகளில் 360 மணி நேர வழிகாட்டிய போதனை என்பது பரீட்சைகளை ஒழுங்குபடுத்தும் ஒஃப்குவால் வைத்துள்ள அளவு. வாரத்துக்குக் கணக்கிட்டால் ஒரு பாடத்துக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் வரும். மீதியுள்ள பள்ளிக்கூட நேரத்தில் கணிசமான பகுதி வெறுமையாக விடப்பட்டிருக்கும். பிள்ளையின் நேர அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்க்கும் தாய்க்கு, காசு வாங்காத பள்ளிக்கூடம் பாடம் நடத்தாமலும் விட்டுவிட்டதோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. அந்த வெற்றுக் கட்டங்கள் பள்ளிக்கூடத்தின் அசிரத்தையால் வந்தவையல்ல. வகுப்பில் கேட்டதைப் பிள்ளை தானாக இருந்து மறுபடி செய்து பார்க்க வேண்டும், தன் நேரத்தைத் தானே ஆள வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விடப்பட்டவை. வகுப்பு நேரத்துக்கு ஏறக்குறையச் சமமான நேரத்தை மாணவர் சுயமாகப் படிப்பதில் செலவிட வேண்டும் என்றுதான் பல பாடசாலைகளும் எதிர்பார்க்கின்றன.

16 வயது வரை மணி அடித்தால் எழும்பி மணி அடித்தால் இருந்த பிள்ளைக்கு, இந்தச் சுயாட்சி கடினமானது. உண்மையில் சிக்ஸ்த் ஃபோமின் முதல் பரீட்சை இரசாயனவியலிலோ கணிதத்திலோ நடப்பதில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, எவரும் கேட்காத ஒரு வெற்று நேரத்தில், புத்தகத்தைத் திறப்பதா கைபேசியைத் திறப்பதா என்ற கேள்வியில் நடக்கிறது. இந்தப் பரீட்சைக்கு எந்த ரியூஷன் ஆசிரியர் ஆயத்தம் செய்கிறார்? அவர் செய்வது மேலும் ஒரு மணி நேரம் பேசுவது. பிள்ளை செய்வது மேலும் ஒரு மணி நேரம் கேட்பது. செவ்வாய் பின்னேரம் கணிதம், வியாழன் பின்னேரம் பௌதிகவியல், சனி காலை இரசாயனவியல், ஞாயிறு காலை உயிரியல் என்று வாரம் நிறைந்துவிட்டால், தானாக இருந்து தடுமாறி, தவறி, தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு ஒதுக்கப்பட்ட அந்த மணித்தியாலங்களே விழுங்கப்பட்டு விடுகின்றன. பணத்தைக் கொடுத்துப் பிள்ளையின் சுயபடிப்பு நேரத்தை விற்று விடுகிறோம் என்பது என் குற்றச்சாட்டு.

இதைவிடப் பாரதூரமானது இன்னொன்று. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு செப்டெம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின்படி, ஏ லெவல் பரீட்சை முழுவதும் இரண்டாம் ஆண்டு முடிவில், ஒரே பருவத்தில் நடக்கிறது. முன்னர் 12ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய ஏ.எஸ். பரீட்சையின் புள்ளிகள் மொத்தத்தில் சேர்ந்தன. இப்பொழுது இங்கிலாந்தில் அவை சேர்வதில்லை. (வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் வேறு விதி.) ஆகவே 12ஆம் ஆண்டு செப்டெம்பரில் படித்த அணுக் கட்டமைப்பை, ஏறக்குறைய 21 மாதங்கள் கழித்து, 13ஆம் ஆண்டு ஜூனில், மண்டபத்திலே தனியாக இருந்து ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். இப்படியான பரீட்சையில் மாணவனுடைய பிரதான சத்துரு விளங்காமை அல்ல; மறதி. மறதி எவ்வளவு விரைவானது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் 1885இல் தம்மையே பரிசோதனைப் பொருளாக்கி அளந்து காட்டினார். அதற்கு மருந்து எது என்பதையும் பிற்காலத்தவர் பரிசோதித்தனர். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் நடத்திய பரிசோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தி நின்றார்கள். ஆனால் இரண்டு நாளும் ஒரு வாரமும் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்களே முந்தினார்கள். படித்ததை உள்ளே செலுத்துவதைக் காட்டிலும், உள்ளே போனதை வெளியே எடுப்பதே நீண்ட நாளைய நினைவைக் கட்டுகிறது என்பது இதன் சாரம்.

இந்த ஒரு செய்தியே, பாடம் தெரியாத பெற்றோர் உதவ முடியாது என்ற வாதத்தின் அடிப்படையைத் தகர்க்கப் போதுமானது. உள்ளே செலுத்துவதற்குத்தான் பாடம் தெரிந்தவர் வேண்டும். வெளியே எடுப்பதற்கு வேண்டியது கேட்கின்ற காது. இன்னும் சொன்னால், தெரியாத காதே அதற்கு உகந்தது. தெரிந்தவர் பிள்ளை பாதி சொன்னதும் மீதியைத் தாமே நிரப்பிக்கொள்வார். தெரியாதவர் நிரப்ப மாட்டார், நின்று கேட்பார்.

நான் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். மின்னடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்க, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த தாய், மேசையோரம் இருந்த மகளிடம் இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்கிறார். மகள் அமோனியா செய்யும் விதத்தைச் சொல்லுகிறாள்: நைதரசனின் ஒரு மூலக்கூறும் ஐதரசனின் மூன்றும் சேர்ந்து அமோனியாவின் இரண்டு மூலக்கூறாகும், அது திரும்பியும் வரும், ஒரு கட்டத்தில் போவதும் வருவதும் சமமாகும். "அமுக்கத்தைக் கூட்டினா மூலக்கூறு குறைஞ்ச பக்கம் கூடப் போகும், அம்மா." தாய் கத்தியை நிறுத்தாமல், "ஏன் பிள்ளை அந்தப் பக்கம் போகுது? அதுக்குப் போகச் சொல்லி ஆர் சொன்னது?" என்கிறார். மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். குறிப்பிலே இருந்த வசனம் அவளுக்குத் தெரியும், காரணம் தெரியாது. தெரியாது என்பதும் அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேசைக்கு வந்து, அமுக்கம் கூடும்போது மூலக்கூறுகள் நெருங்கும், நெருங்கினால் மோதல் கூடும், நான்கு மூலக்கூறு சேர்ந்து இரண்டாகும் தாக்கம் மற்றதைவிட அதிகமாக விரைவுபடும் என்று அவளாகவே கோத்து முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. அந்தத் தாய் ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அன்றைய பின்னேரம் அவர் செய்தது போதனையின் உச்சம் என்பேன். அதற்கு அவரிடம் கட்டணம் எவரும் கேட்கவில்லை.

பெற்றோருடைய ஈடுபாட்டில் எது பயன் தருவது, எது பயன் தராதது என்பதை ஆராய்ந்தவர்களும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. நான்சி ஹில், டயானா டைசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், இடைநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒருங்கே திரட்டி 2009இல் வெளியிட்ட முடிவில், வீட்டுப்பாடத்தில் நேரடியாகக் கைகொடுப்பது பிள்ளையின் தேர்ச்சியோடு நல்ல தொடர்பு உடையதாகக் காணப்படவில்லை. கல்வியின் பெறுமதியைப் பேசுதல், எதிர்காலத்தைப் பற்றிக் கலந்தாலோசித்தல், படிக்கும் முறையைத் திட்டமிட உதவுதல் ஆகியவையே வலுவான தொடர்பு காட்டின. அங்கே பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள், நாடும் வேறு என்று சொல்லலாம். அப்படியானால் வயது ஏற ஏறப் பாடத்தில் கைவைக்கும் உதவியின் இடம் குறைந்து, பேச்சினாலும் ஆலோசனையினாலும் வரும் உதவியின் இடம் கூடும் என்பதல்லவா நியாயம்? பாடம் விளங்காது என்று பெற்றோர் எதை எண்ணி வருந்துகிறார்களோ, அது தேவையான தகைமையே அன்று.

மேலும், விளங்காது என்பதும் பலர் விஷயத்தில் மெய்யன்று. ஊரிலே பௌதிகவியலும் இரசாயனவியலும் தாவரவியலும் விலங்கியலும் தமிழில் படித்துப் பரீட்சை எழுதிய தகப்பன்மார் எத்தனை பேர் இங்கே தபால் பிரிக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள்! மூல் என்றால் என்ன, நொதியம் என்றால் என்ன, தொடலியின் படித்திறன் என்ன என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் தமிழிலே இருக்கின்றன. ஆங்கிலப் பெயர் நாவில் வராததனால் தங்களுக்கு அறிவே இல்லை என்று அவர்கள் தீர்மானித்துக்கொண்டது எனக்குப் பெரிய துயரமாகப் படுகிறது. பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். தகப்பன் தமிழில் திருப்பிக் கேட்கட்டும். ஒரு கருத்தை ஒரு பாஷையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடிந்த பிள்ளை, அதை விளங்கித்தான் இருக்கிறது.

இனி, படிப்பு என்பதை மணித்தியாலத்தால் அளக்கும் பழக்கம். கதவு சாத்தியிருந்தால் படிக்கிறான், வெளியே வந்தால் விளையாடுகிறான் என்பது நம் வீடுகளின் கணக்கு. சாத்திய கதவுக்குப் பின்னே மஞ்சள் மையால் கோடிழுத்துக்கொண்டு நான்கு மணி நேரம் இருப்பதிலும், முன்னைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதி, விடைத்திட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் ஒன்றரை மணி நேரம் பன்மடங்கு பிரயோஜனம் உள்ளது. அந்த வினாத்தாள்களையும் விடைத்திட்டங்களையும், பரீட்சகர் எழுதும் அறிக்கைகளையும், பாடத்தில் கேட்கக்கூடிய அனைத்தையும் வரிசைப்படுத்திய பாடவிதானத்தையும், ஏ.க்யூ.ஏ., ஓ.சி.ஆர்., பியர்சன் எடெக்செல் முதலிய பரீட்சைச் சபைகள் பெரும்பாலும் இலவசமாகவே வெளியிட்டிருக்கின்றன. நாம் ரியூஷன் நிலையத்தில் விலை கொடுத்து வாங்கும் கட்டுக்களில் கணிசமான பங்கு இவற்றின் பிரதிதான். இரவு இரண்டு மணி வரை விளக்கு எரிந்தால் பெருமைப்படுவதையும் விட வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவருக்கு எட்டிலிருந்து பத்து மணி நேர நித்திரை வேண்டும் என்று நித்திரை வைத்தியர் கூறுகின்றனர்; பகலில் படித்தது நினைவில் ஊன்றுவதும் அந்த நித்திரையிலேதான். இந்த வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பிந்தி ஓடுவது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வகுப்புக்கு உலுக்கி எழுப்பும்போது நாம் பறிப்பது சோம்பலை அல்ல.

நடைமுறை அபிப்பிராயத்தின் பெரிய முரண்பாட்டுக்கு இப்பொழுது வருகிறேன். இந்த நாட்டுப் படிப்பு எங்களுக்கு விளங்காது என்று கைவிரிக்கும் அதே பெற்றோர், எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதில் மாத்திரம் அணுவளவும் ஐயமின்றி இருக்கிறார்கள். உயிரியல், இரசாயனவியல், கணிதம், பின்பு மருத்துவம். அது சரிவராவிட்டால் பல் மருத்துவம். அதுவும் இல்லையேல் மருந்தகவியல். விளங்காதது என்று ஒப்புக்கொண்ட ஒன்றில் பிள்ளையின் மேல் ஆணை செலுத்தவும், செலுத்தியபின் அந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை மாத்திரம் வேறொருவரிடம் காசுக்கு ஒப்படைக்கவும் எந்த நியாயம் இடம் கொடுக்கிறது? இங்கே 12ஆம் ஆண்டின் முதற் சில வாரங்களுக்குள் பாடத்தை மாற்றப் பெரும்பாலான பாடசாலைகள் இடமளிக்கின்றன. அந்த வாரங்களிலேதான் பிள்ளை வாய்திறந்து, இது எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லக்கூடிய வீடு வேண்டும். சொல்ல முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, இரண்டு வருடத்தையும் இரசாயனவியலோடு மல்லுக்கட்டிக் கழித்துவிட்டு, ஓகஸ்ட் மாதத்து ஒரு வியாழக்கிழமை காலையில், தனக்கும் தன் பெற்றோருக்கும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்ல நேர்கிறது.

மருத்துவத்தையே விரும்பிப் போகும் பிள்ளைக்கும், பெற்றோர் அறியாத நாட்கள் பல உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் ஊடாக ஐந்து தெரிவுகள் இடலாம். மருத்துவத்துக்கு அவற்றுள் நான்குக்கு மேல் இட முடியாது. அதற்கும் ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒக்டோபர் 15. ஏனையவற்றுக்குப் பெரும்பாலும் ஜனவரி. யூகாட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை விண்ணப்பத்துக்கு முந்திய கோடையில் தொடங்கிவிடும். சுயவிளக்கக் கூற்று 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளுக்கு விடையாக மாறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பல்கலைக்கழகங்கள் இடம் தருவது ஆசிரியர் எதிர்வுகூறிய தரத்தைப் பார்த்து. அந்த எதிர்வுகூறலுக்கோ 12ஆம் ஆண்டு முடிவில் நடக்கும் உள்பரீட்சையே பெரும்பாலும் ஆதாரம். ஜி.சி.எஸ்.ஈ. முடிந்தது, ஒரு வருடம் ஆறுதலாக இருக்கட்டும், 13இல் இறுக்கிப் பிடிக்கலாம் என்று இருப்பவர் அப்படிப் பிடிக்கும்போது இடம் தீர்மானமாகிப் போயிருக்கும். இவற்றை அறிய இரசாயனவியல் வேண்டாம். சுவரில் தொங்கும் ஒரு நாட்காட்டியும், பள்ளிக்கூடம் அனுப்பும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பொறுமையும் போதும்.

மருத்துவம் அல்லாத பாதைகளை இழிவாக எண்ணுவதும் இதே அறியாமையின் கிளை. இங்கிலாந்தில் 18 வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது 2015 முதல் நிலவும் நியதி. ஆனால் அது ஏ லெவலாகவே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. 2020இல் தொடங்கிய டி லெவல் என்ற தொழில்நுட்பக் கல்வியில், தொழிலிடத்திலே குறைந்தது 315 மணி நேரம் வேலை பழகுவதும் படிப்பின் பகுதி. பட்டத்தோடு கூடிய தொழிற்பயிற்சி முறையில், கற்கும் பிள்ளை பல்கலைக்கழகக் கட்டணம் கட்டாமல், சம்பளமும் பெற்றுக்கொண்டு பட்டதாரியாகிறது. அதற்கு இடம் கிடைப்பது சில துறைகளில் பேர்பெற்ற பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதிலும் கடினம். இவற்றை விசாரிக்காமலே ஒதுக்குவதற்கு, ஊரிலிருந்த ஒற்றை வாசலின் நினைவைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எதிர்க்கட்சியார் கூறும் நியாயங்களையும் எடுத்துப் பார்ப்போம். இன்னாரின் மகள் ரியூஷனுக்குப் போய் மூன்று ஏ ஸ்டார் எடுத்தாளே என்பார்கள். எடுத்திருப்பாள். போகாதிருந்தால் என்ன எடுத்திருப்பாள் என்பதை எவரும் அறியார். அதே வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, அதே காசைக் கட்டி, டி எடுத்தவனுடைய பெயர் எந்த விளம்பரத்திலும் அச்சேறுவதில்லை. ரியூஷனே கூடாது என்பது என் வாதமன்று. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் மாறி மாறி வந்து ஒரு பகுதி விடுபட்டுப் போயிருந்தால், வகையீட்டிலோ கரிம இரசாயனத்திலோ குறித்த ஓர் இடத்தில் பிள்ளை இடறி நின்றால், அறிந்தவர் ஒருவர் சில வாரம் உதவுவது நன்று. குறை எது என்று தெரிந்து, அது தீரும்வரை போய், தீர்ந்ததும் நிறுத்துவது மருந்து. எல்லோரும் போகிறார்கள் என்று இரண்டு வருடமும் எல்லாப் பாடத்துக்கும் போவது வேறு.

எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். இரண்டு வேலை பார்ப்பவரின் களைப்பு அவருக்குத்தான் தெரியும். ஆயினும் கேட்கப்படுவது மணித்தியாலங்கள் அல்ல. சனிக்கிழமை வகுப்புக்கு ஏற்றி இறக்கும் காருக்குள்ளே இருபது நிமிஷம் இருக்கிறது. இருவரும் முன்னே பார்த்துக்கொண்டிருப்பதால் முகத்துக்கு முகம் சொல்லக் கூசுவதையும் பிள்ளை அங்கே சொல்லும். அந்த இருபது நிமிஷத்தை வானொலிக்கும் தொலைபேசிக்கும் கொடுத்துவிட்டு நேரமில்லை என்பது நியாயமாகாது. ரியூஷன் காசுக்காக வாரத்தில் மேலதிகமாகச் செய்யும் ஒரு வேலை முறையை விட்டு, அந்தப் பின்னேரம் வீட்டில் இருந்து ஒன்றாகச் சாப்பிட்டால், பிள்ளைக்கு எது கூடிய நன்மை என்பதையும் சிந்திக்க வேண்டும்.

பிள்ளை எங்களோடு கதைப்பதில்லை என்பது மூன்றாவது. பலகாலமாக அதனிடம் நாம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை புள்ளி? புள்ளி குறைந்த நாளில் அதற்கு விடை சொல்ல விரும்புபவர் யார்? எத்தனை என்பதை விட்டு, எந்தக் கேள்வியில் சறுக்கியது, அடுத்த முறை அதை எப்படிச் செய்யப் போகிறாய் என்று குற்றம் சாட்டாத குரலில் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் விடை வராது. மூன்றாம் வாரமும் வராமல் இருக்கலாம். கேட்பவர் உண்மையாகவே கேட்கிறார் என்று நம்பிக்கை பிறந்தபின் வரும்.

ஆகையால் என் வேண்டுகோள் இது. அடுத்த முறை பாடசாலையில் பெற்றோர் சந்திப்பு நடக்கும்போது தாயும் தகப்பனும் இருவருமே போங்கள். இயலாவிட்டால் ஒருவராவது போங்கள். ஆசிரியர் சொல்வதை மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள். ஆங்கிலம் தெரிந்த உறவினர் ஒருவரைக் கூட்டிப் போங்கள், அல்லது உரைபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று பாடசாலையை முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளை எப்படி என்று பொதுவாகக் கேட்டால் நல்ல பிள்ளை என்ற விடைதான் வரும். ஆகவே எந்த வினாத்தாளில், எந்தப் பகுதியில் புள்ளி போகிறது, அதற்கு வீட்டிலே தானாகச் செய்ய வேண்டியது என்ன, எதிர்வுகூறும் தரம் எப்போது தீர்மானிக்கப்படும் என்று மூன்றைக் கேட்டு, விடைகளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அன்றிரவு அந்தக் கடதாசியைப் பிள்ளையின் முன்னே வைத்து, "இதை எனக்கு விளங்கப்படுத்து" என்று கேளுங்கள். ரியூஷனுக்கு அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு இருவருமாக இருந்து தீர்மானியுங்கள்.